குளிரில் இழுக்காத வண்டி

வீட்டில் அவள் பெரியவள், அவள் தம்பி சின்னவன். இரண்டு பேருக்கும் தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பெயர்கள் மாறவில்லை. பெரியவளுக்கு வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுக்கிற வேலை. இடுப்பெலும்பு மாற்றிக்கொண்டவர்கள், பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துபோனவர்கள், மாடிப்படியில் சறுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டவர்கள் என்று ஆஸ்பத்திரி ஒவ்வொரு முகவரியாக அனுப்பும். ஒரு வீட்டில் காலைத் தூக்கிப் பிடித்து, கையை மடக்கி நீட்டி, "இன்னும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சி முடித்துவிட்டு வெளியே வருவாள். குளிர்காலமானால் கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டுவாள். நாலு தெரு தள்ளி அடுத்த வீடு. அங்கேயும் அதே கெஞ்சல். சாயங்காலம் தன் முதுகை யாராவது இப்படிப் பிடித்துவிட மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டுதான் வீட்டுக்குத் திரும்புவாள்.

அவளுடைய பழைய வண்டி நடுத்தெருவில் படுத்து இனி எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தபோது, சின்னவன் தன் வண்டியைக் கொடுத்தான். அவன் வேலை பார்க்கும் கிடங்கு நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையில் வெகுதூரம் இருந்தது. அது வீட்டுப் பக்கத்துக்கே மாறி வந்துவிட்டதால் நடந்தே போய்விடலாம், வண்டி தேவையில்லை என்றான். டர்போ வைத்த வண்டி. எஞ்சின் என்னவோ சின்னதுதான். ஆனால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிற அந்தக் குட்டி விசிறியால் பெரிய எஞ்சினுக்குச் சமமாக இழுக்கும்.

"மெதுவா மிதிக்கா. இது உன் பழைய கட்டை வண்டி இல்ல, பறந்துடும்" என்று சாவியைக் கொடுக்கும்போது சொன்னான். குழந்தையைத் தூக்கிக் கொடுப்பவன் மாதிரி அவன் முகம் இருந்தது.

குளிர் வரும்வரை ஒரு குறையும் இல்லை. குளிர் இறுகியதும் வண்டியின் சுபாவமே மாறிப்போனது. சமதளத்தில் ஒழுங்காக ஓடும். ஏற்றத்தில் மிதித்தால், பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடித்தாற்போல் முனகும். ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் மாட்டு வண்டி வேகம்தான்.

கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் விட்டாள். அங்கே தரை பளபளத்தது, உள்ளே கதகதப்பாக இருந்தது, காபி கூடக் கொடுத்தார்கள். ஒருநாள் முழுக்க வைத்திருந்து கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, காற்றின் அழுத்தம் குறைவதாக ஒரு குறியீடு பதிவாகியிருக்கிறது, அழுத்தத்தை அளக்கும் சென்சாரை மாற்றிவிட்டோம் என்று சாவியைக் கொடுத்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டிருந்த பையன் ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டே, "நாங்க ஓட்டிப் பாத்தப்ப சூப்பரா போச்சு மேடம். நீங்க கியர் மாத்துறதை மட்டும் கொஞ்சம் கவனிச்சுக்கங்க" என்றான்.

இதை வீட்டில் சொல்லியிருக்கவே கூடாது. அவள் கணவருக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. எதற்கும் ஒரு அபிப்பிராயம் வைத்திருப்பார்.

"உன் கியர்ல ஒண்ணும் இல்ல. சின்னவன் கில்லாடி. ஓடுறப்ப ஓட்டிக்கிட்டான், நொண்டுறப்ப நம்ம தலையில கட்டிட்டான்" என்றார் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

"சும்மா இருங்க. அவன் அப்படிப்பட்டவன் இல்ல."

"நானும் அதையேதான் நெனச்சேன்."

சட்டையைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார். அந்த 'நெனச்சேன்'தான் அவள் மனசுக்குள் முள்ளாக உட்கார்ந்துகொண்டது.

மறு வாரத்தில் ஒரு சனிக்கிழமை காலை. இரண்டு வீடுகளை முடித்துவிட்டு மூன்றாவது வீட்டுக்காக மேம்பாலத்தில் ஏறினாள். பாதி ஏற்றத்தில் வண்டி தொய்ந்தது. மிதியைத் தரையோடு தரையாக அழுத்தினாள். ஒன்றும் இல்லை. பின்னால் ஒரு லாரி. கண்ணாடியில் அதன் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஹாரன் காதைக் கிழித்தது. லாரிக்காரன் எப்படியோ ஒடித்துத் திருப்பி, அவள் கதவை உரசுகிற மாதிரிக் கடந்து போனான். போகிற போக்கில் அவன் திட்டியது கேட்கவில்லை, வாயசைவு மட்டும் தெரிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்தினாள். எஞ்சினைக்கூட அணைக்காமல் தம்பியைக் கூப்பிட்டாள்.

"சின்னவனே, உனக்கு இது தெரியுமா தெரியாதா?"

"எதுக்கா?"

"வண்டியில கோளாறு இருக்குன்னு. தெரிஞ்சேதான என்கிட்டத் தள்ளிவிட்ட?"

"என்கிட்ட இருந்தவரைக்கும் அப்படி ஒண்ணும் ஆகலக்கா."

"உனக்கு ஆகாது, எனக்கு மட்டும் ஆகும், இல்ல? இப்ப லாரிக்கு அடியில போயிருப்பேன்டா. கூடப் பொறந்தவளையே ஏமாத்திட்டு உன்னால எப்படிடா சோறு திங்க முடியுது?"

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு தட்டு வைக்கிற ஓசை மட்டும் கேட்டது. பிறகு அவன், "சரிக்கா. வண்டியக் கொண்டுவந்து விட்டுடு. நான் எடுத்துக்கிறேன்" என்றான். போன் அணைந்தது.

அவன் கோபமாகப் பதில் சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். 'சரிக்கா' என்றதுதான் அவளை அன்று முழுக்க வேலை செய்யவிடவில்லை. ஆனாலும் தான் சொன்னது நியாயம்தான் என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டு மீதி வீடுகளுக்கும் போய்வந்தாள். வண்டியைத் திருப்பி விடவில்லை. விட்டால் வேலைக்கு எதில் போவது?

கைவிழுந்த ஆசிரியர் ஒருவர் அவளிடம் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி, சந்தைக்குப் பின்னால் ஒரு ஒர்க்‌ஷாப் இருப்பதாகச் சொன்னார். "அந்த ஆளுக்கு வாய் கொஞ்சம் துடுக்கு, ஆனா வேலையில ஏமாத்த மாட்டாரு" என்பது அவர் கொடுத்த நற்சான்று.

அந்த ஒர்க்‌ஷாப்காரருக்குத் தீராத ஜலதோஷம். கழுத்தில் மப்ளர், மூக்கு சிவந்து, எதைக் கேட்டாலும் கேள்வியாலேயே பதில் சொல்கிறவர்.

"ஏற்றத்துல இழுக்க மாட்டேங்குது."

"எந்த வண்டிதான் மேடம் ஏற்றத்துல சந்தோஷமா போகுது?"

இரும்புக் கதவைச் சாத்தி, மூலையில் பெரிய ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கொட்டகைக்குள் வண்டியை ஏற்றிப் பார்த்தார். குழாய்களைத் தடவினார். டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் ஒன்று குளிரில் விறைத்து வெடிப்பு விட்டிருக்கிறது, காற்று அதில்தான் கசிகிறது என்று சொல்லி மாற்றினார். அவள் நம்பிக்கையோடு எடுத்துப்போனாள். அன்று சாயங்காலம் நன்றாக ஓடியது. மறுநாள் காலையில் மறுபடி மஞ்சள் விளக்கு.

திரும்ப வந்து நின்றவளைப் பார்த்து அவர் தும்மினார். வண்டியை உள்ளே ஏற்றி, மதியம்வரை நோண்டினார். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தபோது அதன் அடியில் வெளிறிய மஞ்சளாக, தயிர் ஏடு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. முகத்தைச் சுளித்தார். எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர் எண்ணெயில் கலந்துவிட்டதோ என்று தண்ணீர் மட்டத்தைப் பார்த்தார். ஒரு சொட்டுகூடக் குறைந்திருக்கவில்லை. வண்டியை எடுத்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"குதிரை மாதிரி ஓடுது மேடம். இதுல நான் எதைன்னு பாக்கறது?"

அவளுக்கு அழுகை வந்தது. அழக்கூடத் தெம்பு இல்லை. அங்கே கிடந்த டயர் ஒன்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குக் காலையில்தான் ஒரு பெரியவருக்கு முழங்காலை மடக்கி நீட்டிவிட்டு வந்திருந்தாள். கட்டிலில் படுக்கவைத்து மடக்கினால் வலிக்கவில்லை என்பார். நடந்தால் வலிக்கவில்லை என்பார். படியில் இறங்கும்போது மட்டும் உயிர் போகிறது என்பார். அவரைப் படிக்கட்டுக்கே கூட்டிக்கொண்டு போய், கூடவே இறங்கிப் பார்த்த பிறகுதான் கோளாறு முழங்காலில் இல்லை, கணுக்காலில் என்று பிடிபட்டது.

"அண்ணே, இது உங்க ஹீட்டர் பக்கத்துல நின்னா என்னிக்குமே கெடாது. குளிர்லதான கெடுது? நீங்கதான் குளிருக்கு வரணும்" என்றாள்.

"இந்த மூக்கை வெச்சுக்கிட்டா?"

"மூக்கை இங்கயே வெச்சுட்டு வாங்க."

அவர் முதல் முறையாகச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அடுத்த நாள் காலை அவள் வழக்கம்போல இரண்டு வீடுகளை முடித்துவிட்டு ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வந்தாள். ராத்திரி முழுக்கத் தெருவில் நின்ற வண்டி. சாலையோரக் குழிகளில் தண்ணீர் கண்ணாடியாக இறுகிக் கிடந்தது. அவர் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வண்டியோடு ஒயரால் இணைக்கிற சின்னக் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். ஏறியதும் கையைத் தேய்த்துக்கொண்டு, "ஹீட்டரைப் போடுங்க மேடம்" என்றார்.

"போட்டுத்தான் இருக்கு."

அவர் காற்று வரும் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பு என்று சொல்லவும் முடியாது, குளிர் என்று சொல்லவும் முடியாது.

"எவ்வளவு நேரமா ஓடிட்டு இருக்கு?"

"காலையிலேர்ந்து விட்டு விட்டு ஓடுது. குளிர் ஆரம்பிச்சதுலேர்ந்து இப்படித்தான். நான் கால்ல ஒரு கம்பளியைப் போத்திக்குவேன்."

"இதை ஏன் மேடம் மொதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலையே! வண்டி இழுக்கலைன்னு வந்தா, ஹீட்டரைப் பத்தி யாரு பேசுவா? சூடு காட்டுற முள்ளு கீழயே இருக்கறதைப் பாத்து, எஞ்சின் அலுங்காம ஓடுதுன்னு எங்க வீட்டுக்காரர்கூட சந்தோஷப்பட்டாரு."

"நல்ல சந்தோஷம்" என்றார் அவர்.

மேம்பாலம் வந்தது. பின்னால் யாரும் இல்லை என்று அவள் இரண்டு முறை பார்த்துக்கொண்டு மிதித்தாள். அதே இடத்தில், அதே முனகல். விளக்கு எரிந்தது. இத்தனை நாள் அவளை அழவைத்த அந்த விளக்கைப் பார்த்து அன்றைக்கு மட்டும், "அதோ, அதோ, பாருங்க!" என்று ஏறக்குறைய கூவினாள். அவர் மடியிலிருந்த எண்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டர்போ சுத்துது. காத்து உள்ள வந்து சேரல. நடுவுல எங்கயோ அடைக்குது. பாலம் இறங்கினதும் நிறுத்துங்க. எஞ்சினை உடனே அணைங்க. உருகிடப் போகுது."

"எது?"

வண்டி நின்றதும் அவர் இறங்கி, பானெட்டைத் தூக்கி, முன்பக்கம் குனிந்தார். டர்போ அமுக்கி அனுப்பும் சூடான காற்றைக் குளிரவைக்க, வண்டியின் மூக்குக்குப் பின்னால் ரேடியேட்டர் மாதிரி ஒரு பெட்டி இருக்கும். அதற்கு இன்டர்கூலர் என்று பெயர். அதிலிருந்து எஞ்சினுக்குப் போகிற குழாயின் வளையத்தைத் தளர்த்தி, இழுத்துக் கழற்றினார். உள்ளே விரலை விட்டார். விரல் போகவில்லை. ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். பொத்தென்று ஒரு கட்டி வெளியே வந்து அவர் கையில் விழுந்தது. அதை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

ஐஸ். எண்ணெய் கலந்து சாம்பல் நிறத்தில், ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு. அவள் கைச் சூட்டில் அது அப்போதே உருக ஆரம்பித்து, விரலிடுக்கில் அழுக்குத் தண்ணீராக வழிந்தது.

"எஞ்சினும் மூச்சு விடும் மேடம். அந்த மூச்சுல ஈரம் இருக்கும். எஞ்சின் நல்லாச் சூடாயிட்டா அந்த ஈரம் தங்காது. உங்க வண்டியில தெர்மோஸ்டாட்டுன்னு ஒரு சின்ன கதவு இருக்கு. எஞ்சின் சூடாகற வரைக்கும் ரேடியேட்டர் பக்கம் தண்ணிய விடாம மூடி வெச்சிருக்கணும். அது தெறந்தபடியே மாட்டிக்கிச்சு. அதனால சூடே ஏறல. போதாக்குறைக்கு நீங்க நாலு தெரு ஓட்டி அணைச்சுடறீங்க, மறுபடி நாலு தெரு. ஈரம் பூரா இந்தப் பெட்டியில வந்து தண்ணியா நின்னு, ராத்திரியில ஒறைஞ்சுடுது. அந்த மூடியில இருந்த தயிரும் இதே ஈரம்தான்."

"அப்ப உங்க கொட்டகைக்குள்ள வந்தா..."

"உருகி ஓடிடும். நானும் ஒண்ணும் இல்லைன்னு சொல்லி அனுப்பிடுவேன். அந்த ஹோஸை மாத்தினது வீண் வேலை." மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கையிலிருந்த அழுக்குத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"இது முந்தி ஓட்டினவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"யாரு ஓட்டினாங்க? எப்படி ஓட்டினாங்க?"

"என் தம்பி. தினமும் ஹைவேல ரொம்ப தூரம். நிறுத்தாம."

"அவ்வளவு தூரம் ஓடினா எங்கேர்ந்து ஐஸு? அவருக்கு வந்தே இருக்காது. இந்தக் கதவும் இப்பதான் மாட்டியிருக்கும். இது யாருகிட்டயும் சொல்லிட்டு மாட்டாது மேடம்."

அன்று மாலைக்குள் தெர்மோஸ்டாட்டை மாற்றி, பெட்டியைக் கழற்றி உள்ளே தேங்கியிருந்ததை வடித்துச் சுத்தம் செய்து கொடுத்தார். குளிர் முடியும்வரை முன்பக்க வலையில் பாதியை மறைக்க ஒரு அட்டையையும் கட்டினார். "வாரத்துல ஒரு நாளாவது நல்லா நீளமா ஓட்டுங்க. நாய்க்குட்டியை நடக்க விடற மாதிரி" என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் ஹீட்டரிலிருந்து சூடான காற்று பாதத்தில் பட்டது. காலிலிருந்த கம்பளியைப் பின்சீட்டில் தூக்கிப் போட்டாள். மேம்பாலத்தில் வண்டி முனகாமல் ஏறியது.

கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். "நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது" என்றார்.

"நான் அதை அவன்கிட்டப் போய் சும்மா சொல்லல" என்றாள் பெரியவள்.

தம்பியைப் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று பலமுறை கையில் எடுத்தாள். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு வேலை நினைவுக்கு வந்தது. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாடு முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அவன் வீட்டு வாசலுக்கே போய் நின்றாள்.

கதவைத் திறந்தவன் முதலில் அவளைப் பார்க்கவில்லை, அவள் தோளுக்குப் பின்னால் வண்டியைப் பார்த்தான்.

"விட்டுட்டுப் போக வந்தியா?"

"இல்லடா. தப்பு உன்மேல இல்ல. வண்டியில ஈரம் ஒறைஞ்சு அடைச்சிருக்கு. நான் ஓட்டின விதத்துல வந்தது. உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுடு."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அவன் கதவு நிலையில் சாய்ந்துகொண்டான். முகம் இளகவில்லை.

"அன்னிக்கு போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சுக்கா. நாங்க சாப்பிட்டுட்டு இருந்தோம். அவளும் கேட்டா. பிள்ளைங்களும் கேட்டாங்க."

பெரியவளுக்கு அந்தத் தட்டு வைத்த ஓசையின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. எப்படிச் சோறு திங்கிறாய் என்று கேட்டது, சோற்றில் கை வைத்திருந்தவனைப் பார்த்து. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். தம்பி மனைவி சோபாவில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டும் தரையில் படுத்து ஏதோ வரைந்துகொண்டிருந்தன. அத்தையைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, அம்மாவைப் பார்த்தன.

"உங்கப்பா என்னை ஏமாத்தல. அத்தைதான் தெரியாம கன்னாபின்னான்னு பேசிட்டேன்" என்றாள் அவர்களிடம்.

தம்பி மனைவி ஒரு சட்டையை மடித்து முடித்து, அடுக்கின்மேல் வைத்தாள். "உக்காருங்க அண்ணி. அவரு அதுக்கப்புறம் ஒழுங்காத் தூங்கவே இல்ல. வண்டியில எங்கயாவது இடிச்சமா, எதையாவது கவனிக்காம விட்டமான்னு யோசிச்சுக்கிட்டே கெடந்தாரு. உங்க மேல லாரி மோதியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு என்னையே கேட்டுட்டு இருந்தாரு. நான் என்ன பதில் சொல்லுவேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து, குவியலிலிருந்து ஒரு குட்டிப் பாவாடையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். பிறகு சின்னவன் சமையலறைக்குப் போய்த் தேநீர் வைத்தான். வைத்தபடியே அங்கிருந்து, "தெர்மோஸ்டாட்டா?" என்று கேட்டான்.

"ஆமா. தெறந்தபடி மாட்டிக்கிச்சாம்."

"முள்ளு மேல ஏறியே இருக்காதே. பாக்கலயா நீ?"

"பாத்தேன். நல்லதுன்னு நெனச்சேன்."

"அய்யோ, அக்கா!" என்றான். அந்த 'அய்யோ' பழைய சின்னவனுடையது.

தேநீர் குடித்ததும் அவள், வண்டியை நீளமாக ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள், கூட வருகிறாயா என்று கேட்டாள். அவன் மனைவியைப் பார்த்தான். "போய்ட்டு வாங்க. ரெண்டு பேரும் எங்கயாவது போய்த் தொலைங்க, நான் செத்த நேரம் படுக்கறேன்" என்றாள் அவள்.

சின்னவன் சாவிக்காகக் கையை நீட்டினான். அவள் மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். முதலில் அவன் வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தான், முன்னால் கட்டியிருந்த அட்டையைப் பார்த்து முணுமுணுத்தான், இருக்கையைத் தன் உயரத்துக்குத் தள்ளிக்கொண்டான். நெடுஞ்சாலையில் ஏறியதும் மிதித்தான். முதுகு இருக்கையில் ஒட்டுகிற மாதிரி வண்டி பாய்ந்தது. அவன் தோள் இறங்கித் தளர்ந்தது. இரண்டு பக்கமும் வெறும் வயல்கள், உறைந்த வாய்க்கால்கள், கம்பிவேலிகள். சூடான காற்று காலில் வந்துகொண்டே இருந்தது.

பெரியவள் இன்னும் கொஞ்சம் பேச வேண்டும் என்று நினைத்திருந்தாள். நல்லதாக நாலு வார்த்தை. எதிலிருந்து தொடங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கியது. இந்தக் குளிர் தொடங்கியதிலிருந்து அவள் ஒரு வண்டியிலும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. தலை கதவுக் கண்ணாடியில் போய் முட்டியதுகூடத் தெரியவில்லை.

"அக்கா. எழுந்திரு. உங்க வீடு வந்துடுச்சு."

வாய் ஓரத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். வெளிச்சம் மங்கியிருந்தது. வாசலில் கணவர் கையைக் கட்டிக்கொண்டு, மைத்துனரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றிருந்தார்.

"முழுக்கத் தூங்கிட்டேனா?"

"குறட்டை வேற" என்றான் சின்னவன். பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொல்லிச் சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "வண்டி நல்லா இழுக்குது. கிளட்ச்சுதான் லேசா வழுக்குற மாதிரி இருக்கு, பாத்துக்க" என்றான்.

"டேய், வேணாம்டா, இன்னிக்கு ஒண்ணும் சொல்லாத" என்று பெரியவள் இருக்கையிலேயே மறுபடி சாய்ந்துகொண்டாள்.